கடைக்குப் போகும் முன் ஒரு காகிதம் எடுங்கள்

"நல்ல லேப்டாப்பா ஒண்ணு சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டால், உடனே ஒரு மாடல் பெயரைச் சொல்லும் பழக்கம் எனக்கு இருந்தது. இப்போது அதை விட்டுவிட்டேன். நான் செய்த ஒரு தவறுதான் காரணம்.

என் அக்கா மகள் பி.காம். சேர்ந்தபோது, அவளுக்கு லேப்டாப் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அக்கா சீட்டு எடுத்த பணம் அது. கடையில் மெல்லியதாக, கனமில்லாமல் ஒன்று இருந்தது. 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ். மற்றவற்றைவிட ரூ.6,000 குறைவு. 'காலேஜ் பெண்ணுக்கு இது போதும்' என்று நானே முடிவு செய்து வாங்கிவிட்டேன். என்ன வேலைக்கு என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து போன் வந்தது. "மாமா, டிஸ்க் ஃபுல்லுன்னு வருது. அப்டேட்டும் ஆக மாட்டேங்குது." வாங்கிப் பார்த்தேன். அவளுடைய ஃபைல்கள் 5 ஜிபி கூட இல்லை. விண்டோஸ், அதன் அப்டேட்கள், ஆபீஸ், கணக்கு சாஃப்ட்வேர் எல்லாம் சேர்ந்து இடத்தை நிரப்பிவிட்டன. ராம், ஸ்டோரேஜ் இரண்டும் போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டவை. எதையும் மாற்ற வழியில்லை. கடைசியில் அதை வந்த விலைக்கு விற்றோம். வாங்கிய விலையில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

உங்களுக்கும் அப்படி நேராமல் இருக்க, வாங்கும் முன் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. முதலில் வேலையை எழுதுங்கள்: ஒரு வாரத்தில் அந்தக் கருவியில் என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பேப்பர் படிப்பது, வீடியோ பார்ப்பது, வெளியூரில் உள்ள பிள்ளைகளுடன் முகம் பார்த்துப் பேசுவது, இவ்வளவுதான் என்றால் ஒரு டேப்லட் போதும். பக்கம் பக்கமாக டைப் செய்ய வேண்டும், எக்ஸெல் வேண்டும் என்றால் கம்ப்யூட்டர்தான் சரி. டேலி விண்டோஸில் இயங்கும் சாஃப்ட்வேர். அதை ஆண்ட்ராய்ட் டேப்லட்டில் இன்ஸ்டால் செய்ய முடியாது.

2. எங்கே வைத்து வேலை செய்வீர்கள்?: எப்போதும் ஒரே மேஜையில்தான் என்றால் டெஸ்க்டாப்பை யோசியுங்கள். பெரிய திரை கிடைக்கும். ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் யு.பி.எஸ். செலவையும் கணக்கில் சேருங்கள். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும். டெஸ்க்டாப் அப்படியே நின்றுவிடும். தினமும் பையில் தூக்கிச் செல்வீர்கள் என்றால்தான் எடை முக்கியம்.

3. 'குறைந்தபட்சம்' என்றால் என்ன?: விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கூறும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ். நான் வாங்கியது சரியாக அதுதான்! குறைந்தபட்சம் என்றால் சிஸ்டம் இன்ஸ்டால் ஆகும் என்றுதான் பொருள். அதற்கு மேல் உங்கள் வேலைக்கும் இடம் வேண்டாமா? வீட்டு உபயோகத்திற்கு 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. என்று தொடங்குங்கள். 256 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் சுமார் 238 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் சுமார் 107 கோடி பைட் என்று கணக்கிடுகிறது.

4. பின்னால் மாற்ற முடியுமா?: விலை குறைந்த சில லேப்டாப்களில் 'இ.எம்.எம்.சி.' என்ற ஸ்டோரேஜ் இருக்கும். அது போர்டில் பற்ற வைக்கப்பட்டிருக்கும், வேகமும் குறைவு. 'எம்.2' வகை எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிப் பெரியதாக மாற்றிக் கொள்ளலாம். "ராம் சேர்க்க ஸ்லாட் இருக்கிறதா? எஸ்.எஸ்.டி.யை மாற்ற முடியுமா?" கடையில் இந்த இரண்டையும் கட்டாயம் கேளுங்கள்.

5. பழையது வாங்குகிறீர்களா?: தவறில்லை. ஆனால் "ஐ7 சார், பெரிய பிராசசர்" என்று கூறுவதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதன் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள். இன்டெல் ஐ3, ஐ5, ஐ7 வகைகளில் அந்த எண்ணின் தொடக்கம் தலைமுறையைக் கூறும். ஐ7-4600யூ என்றால் நான்காம் தலைமுறை. ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை. எண் 10, 11, 12 என்று தொடங்கினால் அந்தந்தத் தலைமுறை. பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11-க்கு ஏற்றவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. செட்டிங்ஸ் சென்று, சிஸ்டம், அபௌட் என்று போனால் பிராசசர் பெயரும் ராம் அளவும் தெரியும். பணம் கொடுக்கும் முன் நீங்களே பார்த்துவிடுங்கள்.

6. எது வேண்டாம்?: தனி கிராபிக்ஸ் கார்டு பெரிய கேம்ஸ் ஆடுபவர்களுக்கும், வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கும் உதவும். கடிதம் டைப் செய்யவும் கணக்கு எழுதவும் அது தேவையில்லை. டச் ஸ்கிரீனும் அப்படித்தான். அந்தப் பணத்தை ராமிலும் எஸ்.எஸ்.டி.யிலும் போடுங்கள். திரையிலும் கவனம் வையுங்கள். 1366 x 768 திரையைவிட 1920 x 1080 திரையில் புள்ளிகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எக்ஸெல்லில் ஒரே பார்வையில் அதிக வரிகள் தெரியும்.

இரண்டாவது முறை வாங்கியபோது காகிதத்தை என் அக்கா மகளிடமே கொடுத்தேன். "டேலி, எக்ஸெல், ஆன்லைன் கிளாஸ், புராஜெக்ட் டைப்பிங். படிப்பு முடியும் வரைக்கும் வரணும்" என்று எழுதிக் கொடுத்தாள். 'மெல்லியதாக' என்ற வார்த்தையே அதில் இல்லை. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனோம். வாங்கியது கொஞ்சம் கனம்தான். ஆனால் 'டிஸ்க் ஃபுல்' என்று அதன் பிறகு எனக்கு போன் வரவில்லை.