வைஃபையில் சேர்ந்ததும் உங்கள் போனுக்கு முகவரி கொடுப்பது யார்?

பாஸ்வேர்டு போட்டதும் நெட் வந்துவிடுகிறது. அந்த ஓரிரு நொடிக்குள் உங்கள் போன் ஓர் ஐபி முகவரியைக் கேட்டு வாங்கியிருக்கும்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் சிக்கல். புதிதாக வந்த போனுக்குத் தன் முகவரியும் தெரியாது, கொடுப்பவரின் முகவரியும் தெரியாது. அதனால் தன்னை 0.0.0.0 என்று சொல்லிக்கொண்டு, 255.255.255.255-க்கு, அதாவது நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி, "முகவரி தர யாராவது இருக்கீங்களா?" என்று கூவுகிறது. வீட்டில் பெரும்பாலும் ரவுட்டர்தான் பதில் சொல்லும்: "192.168.1.7 காலியா இருக்கு, வேணுமா?" "சரி, அதையே தாங்க" என்கிறது போன். "எடுத்துக்கோ" என்கிறது ரவுட்டர். இந்த நான்கு செய்திகள்தான் டிஎச்சிபி.

கிடைத்த முகவரி சொந்தமல்ல, குத்தகை. வழக்கமாகப் பாதிக் காலம் கழிந்ததும் போன் தானே புதுப்பிக்கக் கேட்கும்.

இதன் முன்னோடி 1985-இல் வந்த பூட்பி. ஹார்டு டிஸ்க் இல்லாத கணினிகள் தங்கள் முகவரியையும், எந்தக் கோப்பைக் கொண்டு இயங்கத் தொடங்க வேண்டும் என்பதையும் அதன் மூலம் கேட்டறிந்தன. ஆனால் எந்தக் கணினிக்கு எந்த முகவரி என்று ஒருவர் உட்கார்ந்து பட்டியல் எழுத வேண்டும். அந்த வேலையை 1993-இல் வந்த டிஎச்சிபி மிச்சப்படுத்தியது.

மிச்சப்படுத்தாத ஒன்று உண்டு: பதில் சொல்பவர் யார் என்ற சோதனை. ஆபீஸ் நெட்வொர்க்கில் யாரோ ஒருவர் வீட்டு ரவுட்டரைத் தவறான போர்ட்டில் செருகினால் போதும், அது முந்திக்கொண்டு முகவரி வழங்கத் தொடங்கும். மாடி முழுக்க "நெட் வரல" என்று குரல் கேட்கும். இது கவனக்குறைவு. கெட்ட எண்ணம் கொண்டவர் செய்தால்? முகவரியோடு வழியையும் அவரே சொல்லலாம். டிஎச்சிபியின் 121-ஆம் எண் வசதியைக் கொண்டு, விபிஎன் வழியே போக வேண்டிய தகவலை வெளியே திருப்ப முடியும் என்பதை ஆய்வாளர்கள் 2024 மே மாதம் காட்டினர். 'டனல்விஷன்' என்று பெயர். ஆண்ட்ராய்டு தப்பியது, அந்த வசதியே அதில் இல்லாததால்!

ஆபீஸ்களில் இதற்குத் தடுப்பு உண்டு. எந்த போர்ட்டிலிருந்து வரும் பதிலை நம்பலாம் என்று சுவிட்சில் குறித்துவிடலாம். பொது வைஃபையில் அப்படிச் செய்திருக்கிறார்களா என்று நாம் பார்க்க முடியாது.

வீட்டு விண்டோஸ் கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டுகிறதா? கூவியும் யாரும் பதில் சொல்லவில்லை என்று பொருள். முதலில் ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.