நடக்க வைக்கும் ரோபோ... உருவாக்கியவரால் பயன்படுத்த முடியவில்லை!

இஸ்ரேலைச் சேர்ந்த இன்ஜினீயர் அமித் கோஃபருக்கு 1997-ல் விபத்து. கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு, கை கால்கள் செயலிழந்தன. வீல்சேருக்கு மாற்றே இல்லையா என யோசித்தவர் உருவாக்கியதுதான், காலில் மாட்டிக்கொள்ளும் 'ரீவாக்' ரோபோ.

இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார்கள் இருக்கும். உடலை லேசாக முன்னால் சாய்த்தால் சென்சார் உணர்ந்து, ஓர் அடி எடுத்து வைக்கும். மார்புக்குக் கீழே செயலிழந்த கிளேர் லோமாஸ் என்ற ஆங்கிலேயப் பெண், 2012-ல் இதை மாட்டிக்கொண்டு லண்டன் மாரத்தானின் 42 கிலோமீட்டரையும் நடந்து முடித்தார். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆனது!

ஆனால், கோஃபரால் அதில் நடக்க முடியவில்லை. ரோபோ காலைத்தான் நகர்த்தும். விழாமல் இருக்க இரு கைகளிலும் ஊன்றுகோல் பிடிக்க வேண்டும். அவர் கைகளில் அந்த வலு இல்லை. பிறகு தனக்காக, நின்றபடியே போகும் வீல்சேரை வடிவமைத்தார்.

விலையும் சாமானியமல்ல. இதுபோன்ற கருவிக்கு அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு 2024-ல் நிர்ணயித்த தொகை சுமார் 91,000 டாலர். நம் பணத்தில் 75 லட்சத்துக்கு மேல்.

நம்மூரில் மரத்திலிருந்து விழுந்தோ, பைக் விபத்திலோ முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது கேலிபர். தொடையிலிருந்து பாதம்வரை இரு பக்கமும் கம்பி, பட்டைகள், முழங்காலில் ஒரு பூட்டு. பூட்டைப் போட்டால் கால் மடங்காது, நிற்கலாம். வாக்கரை ஊன்றி உடலைத் தூக்கி, கால்களை முன்னால் வீச வேண்டும். மொத்த பாரமும் தோளுக்குத்தான். பத்தடிக்குள் மூச்சு வாங்கும். அதனால் வீட்டுக்குள் கேலிபர், வெளியே வீல்சேர் என்று பலர் பழகிக்கொள்கிறார்கள். புத்திசாலித்தனமான முடிவுதான்!

காயம் முதுகில் எவ்வளவு கீழே இருக்கிறதோ, நடப்பது அவ்வளவு எளிது. முழங்காலை நீட்டும் தொடைத் தசையில் வலு மிஞ்சியிருந்தால், கணுக்கால்வரையிலான சிறிய கருவியே போதுமானதாக இருக்கலாம். அதை மறுவாழ்வு மருத்துவர் சோதித்துச் சொல்வார். பல மாதங்கள் படுத்தே இருந்தவர் திடீரென எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். எலும்பும் மெலிந்திருக்கும். பிசியோதெரபிஸ்ட் இல்லாமல் முதல் முயற்சி வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை உண்டு. உணர்ச்சியற்ற காலில் கேலிபர் உரசினால் வலிக்காது, புண்ணாவதே தெரியாது. தினமும் கழற்றியதும் குதிகால், கணுக்கால், தொடையைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால், கேலிபரைச் சரிசெய்யும்வரை மாட்டக் கூடாது.