சுண்ணாம்பு நிலத்திலே தோல்முட்டை ஏன்?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கமக்காரர் வளவுகள் பலவற்றில் ஐந்தாறு பேடுகளேனும் திரிவது வழக்கம். நெல்லும் வெங்காயமும் மிளகாயும் பருவத்துக்குப் பணம் தருவன. முட்டையோ இடைக்காலத்திற் கைச்செலவுக்கு உதவுவது. ஆனால், எடுக்கும்போதே விரலாற் குழிவிழும் தோல்முட்டையும், கடைக்குக் கொண்டு செல்லுமுன் வெடித்துவிடும் மெல்லோட்டு முட்டையும் இவ்வருவாயைக் கெடுத்துவிடுகின்றன. பத்து முட்டையில் இரண்டு உடைந்தால், பேடுகள் தின்ற தீனியில் ஐந்திலொரு பங்கு வீணாயிற்று என்பதே கணக்கு.

இதிலே வியப்பிற்குரியது ஒன்றுண்டு. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த நிலம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 ஆம் ஆண்டிலே தொடங்கி 1990 வரை இயங்கியதும் இக்கல்லைக் கொண்டே. முட்டையோடும் பெரும்பாலும் அதே பொருளாலானது. அதன் நூற்றில் 94 பங்கு கல்சியங்காபனேற்றாகும். அவ்வாறாயின் சுண்ணாம்பின்மேல் நடந்து திரியும் கோழிக்கு ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு கிடையாதது ஏன்?

கல் கீழே கிடக்கின்றது. மேலே இருப்பது செம்மண். அதனைக் கிளறும் கோழியின் அலகிற் படும் கல்சியம் போதியதன்று. பேட்டின் தேவையோ பெரிது. ஒரு முட்டை உருவாகி வெளிவர ஏறக்குறைய 25 மணி நேரம் செல்லும். அதில் 20 மணி நேரமளவு ஓடு படிவதற்கே கழிகின்றது. அதுவும் பெரும்பாலும் இரவிலேயே நடைபெறும். ஓர் ஓட்டுக்கு 2 கிராமுக்குச் சற்று மேலான கல்சியம் வேண்டும். பேடு தின்பதிற் பாதியளவே குருதியிற் சேருமாதலால், முட்டையிடும் நாளொன்றுக்கு 4 கிராம் கல்சியம் அதன் வயிற்றுட் செல்லுதல் நன்று. அது கிட்டாவிடின் பேடு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்து ஓடு செய்யும். சில நாளில் ஓடு மெலியும். பின்னர் கால் தளர்ந்து நிற்கமாட்டாது படுத்துவிடும்.

நமது வளவுகளிற் கோழிக்கு இடப்படுவது பெரும்பாலும் தவிடும் குறுணலும் சிறிது தேங்காய்ப் புண்ணாக்குமாம். தவிட்டிற் கல்சியம் மிகக் குறைவு. பொசுபரசு மிகுதியாயினும், அதன் பெரும்பகுதி பைற்றேற்று என்னும் வடிவிலிருந்து, கிடைக்கும் சிறிது கல்சியத்தையும் பிணைத்து வைத்துக்கொள்ளும். ஆகவே தவிடு நல்ல தீனியேயாயினும், அதனை மட்டும் நம்பிய பேட்டினிடம் நல்ல ஓட்டை எதிர்பார்த்தல் இயலாது.

இக்குறையைத் தீர்க்கப் பணம் அதிகம் வேண்டியதில்லை. கடனீரேரிக் கரைகளிற் கிடைக்கும் சிப்பி, மட்டி ஓடுகளை மழையில் விட்டோ நன்னீரிற் பலமுறை அலசியோ உப்பு நீக்கி, உலர்த்தி இடித்துக்கொள்ளலாம். மாவாக இடித்தல் கூடாது. குறுணலுக்கும் பயற்றுக்கும் இடைப்பட்ட பருமனே ஏற்றது. மா விரைவிற் கரைந்து போய்விடும். பருமனான துண்டோ தீனி அரைக்கும் பையிலே தங்கி, ஓடு படியும் இரவு நேரத்தில் மெல்ல மெல்லக் கரைந்து உதவும். பேடொன்றுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் போதும். தீனியிற் கலவாது தனிச் சிரட்டையில் வைத்தல் வேண்டும். முட்டையிடும் பேடு மாலை வேளையில் தானாகவே அதைத் தேடித் தின்னும். இடாத பேடும் குஞ்சும் அவ்வளவு தின்னா. வளருங் குஞ்சின் தீனியிற் சுண்ணாம்பு மிகுந்தாற் சிறுநீரகம் பழுதாகும் என்பதையும் மறத்தல் கூடாது. வெற்றிலைக்கு இடும் நீற்றிய சுண்ணாம்பைக் கோழிக்குக் கொடுப்பாரும் உளர். அது வாயையும் குடலையும் புண்ணாக்குவது, அறவே விலக்கத்தக்கது.

இவையெல்லாஞ் செய்தும் ஓடு தேறாத வளவுகள் உண்டு. அங்கே பார்க்கவேண்டியது கிணற்றை.

குடாநாட்டின் நிலத்தடியில் மழைநீர் ஊறி, கனத்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நிலாவரைக் கிணற்றிலே மேல்நீர் நன்னீராகவும் ஆழஞ் செல்லச் செல்ல உவர்நீராகவும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று. மாரி மழையால் உயரும் நன்னீர்ப்படை, கோடை முழுவதும் தோட்டத்துக்கு இறைக்க இறைக்க மெலிந்து, ஆடி ஆவணியிற் சவர் மேலெழும். கரையோரங்களிலும் தீவுப்பகுதிகளிலும் இது கடுமையானது. அந்நீரை வீட்டார் வாயில் வைப்பதில்லை. நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து குடத்தில் எடுத்துவந்து குடிப்பர். கோழிக்கோ வளவுக் கிணற்றுச் சவர்நீரையே ஊற்றுவர்.

இதன் தீங்கை 1980களில் அவுத்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். அந்நாட்டிலும் நிலத்தடி நீர் பல இடங்களில் உவரானது. இலீற்றருக்கு 2 கிராம் உப்புக் கரைத்த நீரைப் பேடுகளுக்குக் கொடுத்தபோது, இட்ட முட்டையின் தொகையோ தின்ற தீனியோ குறையவில்லை. பழுதான ஓடுகள் மட்டும் பெருகின. உடம்பிலே ஓடு படியும் உறுப்புக்குக் காபனேற்றைச் சேர்க்கும் வேலை உப்பினாற் கெட்டதே காரணம் என அறியப்பட்டது. பின்னர் நன்னீர் கொடுத்தும் அப்பேடுகளின் ஓடு எளிதிற் பழைய நிலைக்கு வரவில்லை. பேடு நலமாய்த் தோன்றும்போதே கேடு நடந்துவிடுகின்றதாகையால், இளம்பேடு முதல் முட்டையிடத் தொடங்கு முன்பே நீரைக் கவனித்தல் வேண்டும்.

பேடொன்று நாளொன்றுக்குக் குடிப்பது கால் இலீற்றர் நீர்; வெயிற் காலத்தில் அதனிலும் மிகும். பத்துப் பேடுகளுக்கு மூன்று நான்கு இலீற்றர் போதும். வீட்டுக்கு எடுக்கும் நன்னீரில் இச்சிறிதளவைக் கோழிக்கும் ஒதுக்குதல் எவருக்கும் இயலும். மாரியிற் கூரைநீரைத் தொட்டியிற் சேர்த்து மூடி வைப்போர், கோடையிற் கோழிக்கென்று அதிற் சிறிது மிச்சம் வைக்கலாம்.

வெப்பமும் ஓட்டை மெலிவிக்கும். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இளைத்தே சூட்டைத் தணிக்கும். அப்போது குருதியிலுள்ள காபனீரொட்சைட்டு மிகுதியாக வெளியேறுதலால் ஓட்டுக்குரிய காபனேற்று குறைகின்றது. சித்திரை வைகாசியில் தகரக் கூரைக் கூட்டைக் கிடுகால் மூடியும், நீரை மண்சட்டியில் நிழலில் வைத்தும், தீனியை விடியலிலும் மாலையிலும் இட்டும் பேணல் வேண்டும்.

காரணத்தைத் தேடுமுன் எந்தப் பேடு இடுகின்றது என அறிவது நன்று. ஒரு பேடு மட்டும் மெல்லோடு இட்டால் அது பெரும்பாலும் வயது சென்றதாயிருக்கும். முட்டை பெருக்க ஓடு மெலியும். எல்லாப் பேடுகளும் சிறிது சிறிதாக மெலிவித்தாற் குறை தீனியிலோ நீரிலோ உள்ளது. திடீரென முட்டை குறைந்து, ஓடு கோணலாகி, வெள்ளைக்கரு நீர்போல ஓடி, கோழிகள் இருமினால் நோயென்றே கொள்ளவேண்டும். இராணிக்கெற் நோய்க்கு உரிய காலத்தில் தடுப்பு மருந்திடுவதற்கு அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுதல் வேண்டும்.

மஞ்சட்கரு வெளிறுவது பச்சையிலைக் குறைவினால். முருங்கையிலை, அகத்தி, கீரை என்பன போதும். மருந்தடித்த தோட்டத்துத் தழையைக் கொடுத்தலாகாது. கருவிற் காணும் குருதிப் பொட்டு, சூலகத்திற் சிறு நாளம் வெடித்ததனால் வருவது. அது குஞ்சின் அடையாளமன்று, உண்பதாற் கேடுமில்லை.

பொறுக்கிய முட்டையைக் குளிர்நீரிற் கழுவுதல் தவறு. மேற்பூச்சு நீங்க, நுண்டுளைகளால் அழுக்கு உள்ளே இழுக்கப்படும். உலர்ந்த துணியாற் துடைத்து, பருத்த முனை மேலாக வைத்தல் வேண்டும். பிடி கட்டித் தூக்கிய வெங்காயத்தின் கீழும் மண்ணெண்ணெய்ப் போத்தலின் அருகிலும் வைத்தால் முட்டை அம்மணத்தை ஏற்றுக்கொள்ளும். விற்பனைக்கு மட்டும் முட்டை வேண்டுவோர் சேவலைப் பிரித்துவிடலாம். கருக்கட்டாத முட்டை வெயிற் காலத்தில் அதிக நாள் கெடாதிருக்கும்.

பூப்பெய்திய பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது இங்குள்ள வழக்கம். மயிரிழைக் கீறலுள்ள முட்டையிற் சல்மொனெல்லா முதலிய கிருமிகள் எளிதிற் புகும். ஓடு முழுதாயிருப்பினும் சில வேளை உள்ளே இருத்தல் கூடும். ஆதலால் அம்முட்டையையும் அவித்துக் கொடுத்தலே பாதுகாப்பானது. கீறல் உண்டா என்பதை இருட்டறையில் மின்சூள் ஒளியின்முன் பிடித்துப் பார்த்தால் அறியலாம்.