கல்வராயன் மலை: பாட்டி சொல்லும் கதை நிலத்துக்குச் சான்று ஆகுமா?

கல்வராயன் மலைன்னு சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது மேகம் அருவி, பெரியார் அருவி, வார விடுமுறை பைக் பயணம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையின் பெயர் வேறு மாதிரி செய்திகளிலும் அடிபட்டது. ஆனால், நைனார்பாளையம், சின்னசேலம், கச்சிராயபாளையம் என சமவெளியில் இருப்பவர்களே அதிகம் பேசாத ஒரு வரலாறு இந்த மலைக்கு உண்டு. அந்த வரலாறு அங்குள்ள மக்களின் பட்டாவோடு நேரடியாகத் தொடர்புடையது. எப்படி?

மலையில் யார் இருக்கிறார்கள்?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன். கோமுகி ஆறு இங்கேதான் உற்பத்தியாகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதிக்கு வெள்ளிமலைதான் தலைமையிடம். மலையின் இன்னொரு பக்கம் சேலம் மாவட்டத்துக்குள் வருகிறது.

இங்கே பெரும்பான்மையினர் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளாவான்னு கேட்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்த மூன்று சகோதரர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறியதாக அவர்களிடையே ஒரு கதை பல தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது.

ஜாகிர் என்றால் என்ன?

கல்வராயன் மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நிலமும் அதன் வரியும் அவர்களுடையது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. இனாம் எஸ்டேட்டுகளுக்கு 1963-ல் தனிச் சட்டம் வந்தது. ஆனாலும், கல்வராயன் ஜாகிர்கள் அரசின் கைக்கு வந்தது 1976-ல்தான்.

'1976 வரை கல்வராயன் இந்தியாவிலேயே இல்லை' என்று சமூக வலைதளங்களில் சிலர் எழுதுகிறார்கள். கேட்க சுவாரஸ்யமா இருக்கும், ஆனா அது சரியில்லை. ஆங்கிலேயர் காலத்திலேயே இந்த மலை தென்னாற்காடு, சேலம் மாவட்டங்களுக்குள்தான் இருந்தது. தாமதமானது நில நிர்வாகம். சமவெளி விவசாயியின் பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறிய பல பத்தாண்டுகளுக்குப் பிறகே மலை விவசாயிக்கு அந்த வாய்ப்பு வந்தது. அதற்குள் பல இடங்கள் காப்புக்காடு ஆகியிருந்தன. தாத்தா உழுத நிலம்தான். ஆனால் காகிதம் எங்கே?

விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோது, இந்த ஜாகிர் வரலாறும் பேசப்பட்டது இதனால்தான்.

காகிதம் இல்லாதவர்களுக்கு என்ன வழி?

2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் வாழ்ந்து, பயிர் செய்யும் பழங்குடிக் குடும்பம் அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். கடுக்காய், தேன் போன்ற சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமையும் இதில் உண்டு. கல்வராயன் கடுக்காய் பெயர் பெற்றது என்பதால் இது சின்ன விஷயமல்ல.

இங்கேதான் முக்கியமான இடம் வருகிறது. சட்டத்தின் விதி 13, எதையெல்லாம் சான்றாக ஏற்கலாம் என்று பட்டியல் போடுகிறது. அரசு ஆவணங்கள் மட்டுமல்ல; பழைய கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம், வம்சாவளி விவரம், எழுதி வாங்கப்பட்ட ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம் ஆகியவையும் சான்றுதான். சமூக உரிமை கோரும்போது கோயில் மரம், கோயில் காடு, குளம் ஆகியவற்றையும் காட்டலாம்.

அதாவது, 'எங்க கொள்ளுத் தாத்தாவை இந்த மரத்தடியிலதான் புதைச்சோம்' என்று ஒரு பாட்டி சொல்வது வெறும் கதையில்லை. முறையாக எழுதி வைத்தால் அது சட்டப்படியான சான்று. ஆனால், ஒரு சான்று மட்டும் போதாது. ஒன்றுக்கு மேல் வேண்டும்.

யாரிடம் போக வேண்டும்?

முதல் வாசல் கிராம சபை. அது அமைக்கும் வன உரிமைக் குழு மனுவைப் பெற்று, நிலத்தை நேரில் பார்க்கும். கிராம சபை தீர்மானம் போட்ட பிறகு கோட்ட அளவிலான குழுவுக்கும், பின் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். மனு நிராகரிக்கப்பட்டால் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

சாதிச் சான்றிதழும் அவசியம். பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பழங்குடியினருக்கு அந்த நிபந்தனை கிடையாது. பழைய தென்னாற்காடு மாவட்டம் பட்டியலில் இருப்பதால் கள்ளக்குறிச்சி மலையாளிகள் பழங்குடிகள். அதே மக்கள் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருந்தால், அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள்!

இப்போது ஏன் இது முக்கியம்?

1976-க்கு முந்தைய ஜாகிர் காலத்தைப் பெரியவர்களாகப் பார்த்தவர்களுக்கு இன்று வயது 70-ஐத் தாண்டிவிட்டது. எந்தக் கிணறு யார் வெட்டியது, எந்த மேட்டில் யார் சாமை விதைத்தது என்று சொல்ல அவர்கள்தான் இருக்கிறார்கள். ஊரில் படித்த பிள்ளைகள் யாராவது ஒரு நோட்டு வாங்கி, பெரியவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, கிராம சபையில் பதிவு செய்யலாம். செலவு அதிகமில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டம் வரை காத்திருக்காமல் எழுதும் வேலையை இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.