முதலில் திரையை அளந்து பாருங்கள்

இருநூறு இருக்கை கொண்ட சிறிய ஊர்த் தியேட்டர் ஒன்று புது புரொஜக்டர் வாங்கக் கிளம்பினால், விற்க வருபவர் முதலில் எடுத்து வீசும் சொல் ‘4கே’. போஸ்டரில் போட்டுக்கொள்ளவும் அது தோதான சொல். ஆனால் சிறிய அரங்கில் படம் நன்றாக இருப்பதும் இல்லாததும் திரையில் விழும் வெளிச்சத்தைப் பொறுத்தது. புள்ளிகளின் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான். கணக்குப் போட்டாலே இது விளங்கும். 2கே புரொஜக்டர் அகலவாக்கில் 2,048 புள்ளிகள் காட்டுகிறது. 30 அடித் திரையில் ஒரு புள்ளி சுமார் நாலரை மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் உளுந்து. 50 அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் நல்ல கண் பார்வை உள்ளவருக்கும் அது தனியாகத் தெரியாது. முன்வரிசையில் வித்தியாசம் தெரியுமே என்று கேட்கலாம். தெரியும்தான், டைட்டில் எழுத்தின் ஓரங்களில் நன்றாகவே தெரியும். ஆனால் படமே 2கேயில் முடிக்கப்பட்டிருந்தால், இல்லாத நுணுக்கத்தை 4கே புரொஜக்டர் கொண்டுவந்துவிடாது.

வெளிச்சக் குறைவோ எல்லா வரிசையிலும் தெரியும். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் 2002-ல் சேர்ந்து அமைத்த டி.சி.ஐ., 2005-ல் வெளியிட்ட விதிமுறையில் திரையின் நடுவே 14 ஃபுட்-லாம்பர்ட் வெளிச்சம் வேண்டும் என்கிறது. படத்துக்கு வண்ணம் சேர்ப்பவர் அந்த அளவில் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். அதில் பாதிதான் கிடைக்கிறது என்றால் படத்தில் வரும் இரவுக் காட்சியில் முகம் மறைந்து குரல் மட்டும் மிஞ்சும். 30 அடி ஸ்கோப் திரையின் பரப்பு சுமார் 376 சதுர அடி. சாதாரண வெள்ளைத் திரைக்கு அதை 14-ஆல் பெருக்கினால் சுமார் 5,300 லூமென். ஸ்கோப் படத்துக்குப் புரொஜக்டருக்குள் உள்ள சிப்பின் மேலும் கீழும் பயன்படாமல் போவதால் ஐந்தில் ஒரு பங்கு ஒளி வீண். ஆக 6,600 தேவை. ஆபரேட்டர் அறை ஜன்னலில் சாதாரணக் கண்ணாடி போட்டிருந்தால் அது கொஞ்சம் விழுங்கும், லேசாகப் பச்சையும் ஏற்றும். நாளாக ஆக ஒளியும் மங்கும். எல்லாம் சேர்த்து 9,000 லூமெனுக்குக் குறையாமல் வாங்குவதே விவேகம். கௌரவத்துக்காகத் திரையை 40 அடியாக்கினால் இந்தக் கணக்கு ஏறக்குறைய 1.8 மடங்காகும். 3டி வேண்டுமென்றால் கண்ணாடியும் ஃபில்டரும் பாதிக்கு மேல் ஒளியைத் தின்றுவிடும்.

‘பழைய ஜெனான் புரொஜக்டர் மலிவாகக் கிடைக்கிறதே’ என்பது நியாயமான கேள்வி. தினம் நாலு காட்சி என்றால் சுமார் 12 மணி நேரம். 2,000 மணி நேரம் உழைக்கும் ஜெனான் லேம்ப் ஐந்தரை மாதத்தில் தீர்ந்துவிடும். உள்ளே வாயு அழுத்தத்தில் இருப்பதால் ஆறிய லேம்ப்பும் வெடிக்கக்கூடியது. முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் மாற்றக் கூடாது. சூட்டை வெளியேற்றத் தனிக் குழாயும் வேண்டும். லேசர் புரொஜக்டரிலோ ஒளி பாதியாகக் குறையவே 20,000 மணி நேரம் ஆகும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள்; அதே கணக்கில் நாலரை வருஷம். ஆனால் லேசர் மங்கினால் லேம்ப்பைப் போலச் சட்டென மாற்ற முடியாது, ஒளிப்பகுதிக்கே செலவு வைக்கும். சனி, ஞாயிறு மட்டும் ஓட்டும் அரங்குக்குப் பழைய ஜெனானே போதும் என்பேன். உதிரிபாகம் கிடைக்குமா என்று மட்டும் பார்க்க வேண்டும். சோனி மாதிரிப் பெரிய நிறுவனமே 2020-ல் தியேட்டர் புரொஜக்டர் தொழிலை விட்டு விலகியது.

இதைவிட மலிவாக ஆபீஸ் புரொஜக்டரை மாட்டிவிடலாமே என்பாரும் உண்டு. அதன் பெட்டியில் எழுதியிருக்கும் லூமென் பெரும்பாலும் வெறும் வெள்ளைக்கு அளந்தது. நிறங்கள் அந்த அளவுக்கு வராது. இன்னொரு சிக்கல் சாவி. டி.சி.ஐ. முறையில் வரும் படம் பூட்டப்பட்ட கோப்பு. அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் செல்லும். அந்தத் தகுதி இல்லாத கருவிக்கு ஹாலிவுட் படம் கிடைப்பது கடினம். தமிழ்நாட்டில், தியேட்டர்களுக்கு டிஜிட்டலாகப் படம் அனுப்பும் க்யூப், யு.எஃப்.ஓ. போன்ற நிறுவனங்களின் வழியே குறைந்த தரக் கருவிகளிலும் தமிழ்ப் படங்கள் ஓடின. அங்கே கருவியைவிட ஒப்பந்தம்தான் பெரிய விஷயம். ஒவ்வொரு படத்துக்கும் வசூலிக்கப்படும் வி.பி.எஃப். (விர்ச்சுவல் பிரிண்ட் ஃபீ) கட்டணத்தை யார் கட்டுவது என்ற தகராறில்தான் 2018 மார்ச் முதல் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப்படங்களை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். கருவி யாருக்குச் சொந்தம், இடைவேளை விளம்பரக் காசு யாருக்கு என்பதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாட்டி முடித்த அன்று உங்கள் திரையின் நடுவே மீட்டர் வைத்து அளந்து 14 காட்ட வேண்டும், உதிரிபாகம் இத்தனை வருஷம் தர வேண்டும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். இதற்குத் தயங்குகிற விற்பனையாளரிடம் 2கேவும் வேண்டாம், 4கேவும் வேண்டாம்.