வில்லின் வளைவு: மரவினையும் குறட்பொருளும்

பகைவரின் பணிவான சொல்லை நம்பலாகாது, வில்லின் வளைவும் தீங்கையே குறிக்கும் என்பது கூடாநட்பு அதிகாரத்தின் 827ஆம் குறள் உணர்த்தும் கருத்தாகும். மரவில் உருவாகும் முறையை அறிந்தோர்க்கே இவ்வுவமையின் ஆழம் முழுமையாக விளங்கும்.

வில்லை வளைக்குங்கால், எய்பவரை நோக்கிய உட்பக்கம் அமுக்கத்தையும், இலக்கை நோக்கிய வெளிப்பக்கம் இழுவிசையையும் தாங்குகின்றன. எனவே வெளிப்பக்கத்து நார்கள் அறுபடாமல் காக்கப்பெறும். செதுக்குதல் பெரும்பாலும் உட்பக்கத்திலேயே நிகழும். கைப்பிடியிலிருந்து நுனிவரை இருபுறமும் படிப்படியாக மெலிவிக்கப்பெறும். பின்னர் நாணைப் பூட்டிச் சிறிது சிறிதாக இழுத்துப் பார்த்து, வளைய மறுக்கும் இடத்தை மட்டும் சுரண்டுவர். மிகுதியாக வளையும் இடத்தைத் தொடலாகாது. வில் அங்கேயே முறியும். சீவியதை மீண்டும் சேர்க்க இயலாது.

ஜொகூரின் கோத்தா திங்கி போன்ற ஈரப்பதம் மிக்க இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஈரம் ஏறிய மரம் மீள்விசை குன்றி, வளைந்தவாறே நின்றுவிடும். ஆதலால் மரத்தை நன்கு உலர்த்திச் செதுக்கி, இழைத்து, இறுதியில் எண்ணெயோ மெருகெண்ணெயோ பூசுதல் வேண்டும். எய்யாத வேளையில் நாணைக் கழற்றிவைத்தல் வேண்டும்.

இவ்வாறு உருவான வில் வளையுந்தோறும் அதனுள் ஆற்றல் சேர்கிறது. நாணை விட்டவுடன் அது அம்பிற்குச் செல்கிறது. பகைவரின் பணிவும் அத்தகையதே. இதனை வெறும் தோற்ற ஒப்புமையாகக் கற்பித்தால், மாணவர் உரையை மனனம் செய்வர், உவமையை உணரார். வகுப்பறையில் ஒரு மூங்கிற் கீற்றை வளைத்து விடுவதே இதற்குச் சிறந்த விளக்கமாகும்.