கானாவூரும் கல்யாண மண்டபமும்



மதுவைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் பங்கு மக்களில் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்பார்: "ஆண்டவரே கானாவூரில் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கினாரே?" 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தக் கேள்வியைச் சிரித்துக் கடக்க முடியாமல் போயிற்று.

தமிழக அரசு 1981-ஆம் ஆண்டின் மதுபான உரிம விதிகளைத் திருத்தி அந்த ஆண்டு மார்ச்சில் அறிவிக்கை வெளியிட்டிருந்தது. சிறப்பு உரிமம் பெற்றால் மாநாட்டு மையங்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் திருமண மண்டபங்களிலும் விருந்தினருக்கு மது பரிமாறலாம். வீட்டு விசேஷங்களுக்கும் அப்படியே. ஏப்ரல் 24 அன்று செய்தி பரவி எதிர்ப்பு கிளம்பவே, அன்றே திருமண மண்டபம் நீக்கப்பட்டது. விளையாட்டு அரங்கு குறித்த வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது.

ஆனால் குடிப்பதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கிவிட்டால் மற்ற இடங்களாவது தப்பிக்குமே என்ற வாதம் இன்னும் இருக்கிறது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. திருப்பனந்தாள் பக்கம் மண்ணியாற்றுக் கரையிலோ வாய்க்கால் மதகடியிலோ மாலையில் நடந்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும். வரப்பில் உடைத்தெறிந்த பாட்டில் சேற்றில் புதைந்து, நடவு நடும் பெண்களின் காலைக் கிழிக்கிறது. (பனையைப் பெயரிலேயே தாங்கிய ஊர் இது. பனங்கள்ளுக்கு 1987 முதல் தடை. பாட்டிலுக்குத் தடை இல்லை!)

ஒதுக்கிய இடம் நமக்குப் புதிதன்று. 2003 நவம்பரில் டாஸ்மாக் சில்லறை விற்பனையை ஏற்றதிலிருந்து பல கடைகளை ஒட்டி பார்கள் நடந்துவருகின்றன. அதனால் ஆற்றங்கரை காலியாகிவிடவில்லை. பாரில் தண்ணீருக்கும் தின்பண்டத்துக்கும் தனியாகக் காசு. கூலிக்காரர் பாட்டிலோடு கரைக்குத்தான் போகிறார்.

நம் டெல்டாப் பிள்ளைகள் பலர் பிழைக்கச் சென்ற சிங்கப்பூர் வேறு வழியை எடுத்தது. 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பின், 2015-இல் வந்த சட்டம் பொது இடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை குடிக்கத் தடை விதித்தது. லிட்டில் இந்தியாவில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. வார இறுதி முழுவதும் கூடாது. ஊரில் கரையில் அமர்ந்தவர்களே அங்கே அடங்கி நடக்கிறார்கள்.

ஓர் இடத்தில் குடிக்கலாம் என்று எழுதி வைத்ததும் அங்கிருந்து யார் எழுந்து போவார்கள் என்பதை நாம் கேட்க வேண்டும். பெண்கள் போவார்கள், பிள்ளைகள் போவார்கள். குடியை விட்டு ஆறு மாதமே ஆன அண்ணன் ஒருவர் ஒதுங்கிப் போவார். ஆற்றங்கரைக்கு அவர் போகாமல் இருந்துவிடலாம். தங்கை மகள் திருமணத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 14-ஆம் அதிகாரத்தில் பவுலடியாரின் கவலை இவரைப் போன்றவரைப் பற்றியதே. மது தீட்டு என்று அவர் சொல்லவில்லை. சீராக்கின் ஞானமும் அளவோடு அருந்துவதைப் பழிக்கவில்லை. நம் உரிமை சகோதரருக்குத் தடைக்கல்லாகிறதா என்பதே அவருடைய கேள்வி.

கானாவூருக்கு வருவோம். அங்கே அன்னை மரியாவின் கண்ணில் பட்டது, விருந்தளித்த வீட்டாரின் குறை. இரசம் தீர்ந்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் மானம் போய்விடும் என்று அவர் அறிந்திருந்தார். நம் திருமணங்களில் மானம் போவது வேறு விதம். மாப்பிள்ளைத் தோழர்கள் மண்டபத்துக்குப் பின்னால் காரை நிறுத்திக் குடித்துவிட்டுப் பந்திக்கு வருகிறார்கள். பெண்ணின் தகப்பனார் ஒன்றும் சொல்ல முடியாமல் நிற்கிறார். சில வீடுகளில் அந்தச் செலவும் அவர் தலையில்தான். இதற்கு யாரும் எந்த அரசிடமும் உரிமம் கேட்டதில்லை. 2023-இல் உரிமம் நீங்கியதால் இது நின்றுவிடவும் இல்லை.

மண்டபம் பிடிக்கும்போதே, கோவிலில் முதல் ஓலை வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கு முன்பே, இரு வீட்டாரும் அமர்ந்து இதைப் பேசி முடித்துவிடலாம். பெண் வீட்டார் வாய் திறக்கத் தயங்குவார்கள். ஆகவே மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் பேச்செடுக்க வேண்டும்.